பதிவு வராத ஊரையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேரிடர் நேரத்தில் சமூக ஊடகப் பதிவுகள் எங்கிருந்து, எத்தனை மணிக்கு வந்தன என்று பார்த்து மீட்புப் பணிக்கு ஆள் அனுப்பலாம் என்கிறார்கள். நல்ல வழிதான். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். ஆனால் குமரி மாவட்டத்தில் இதைச் செய்ய வருகிறவர்கள் எங்கள் ஊர் நிலவரத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 நவம்பர் மழையில் ஓர் இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "வீட்டுக்குள்ள வெள்ளம் கேறியாச்சு, பிள்ளையளோட மாடியில நிக்கோம்." ஊர்ப்பெயர் இல்லை. பதறிப்போய் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். விசாரித்தால், அது காலையில் எழுதியது. மதியமே அவர்களை இறக்கிவிட்டார்களாம். குழுவில் போட்டவர் குவைத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர். இப்படி வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊரில், பதிவிட்டவரின் இருப்பிடத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலும் எடுத்த இடம், நேரம் பற்றிய விவரம் தங்குவதில்லை.

சொல்லிலும் சிக்கல் உண்டு. விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். "ரெண்டு நாளா வெள்ளம் இல்ல" என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். தாமிரபரணி என்றால் எங்களுக்குக் குழித்துறை ஆறு, மற்றவர்களுக்கு நெல்லை ஆறு.

என் மனதை அறுப்பது வேறொன்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, டவரும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் பெண்கள் கடலையே பார்த்து நின்றார்கள். ஆழ்கடலுக்குப் போனவர்கள் எந்தப் பதிவைப் போட்டிருக்க முடியும்? அன்று பதிவுகளை எண்ணி வரைபடம் போட்டிருந்தால், மக்கள் செத்துக்கொண்டிருந்த இடம் அமைதியான இடமாகத் தெரிந்திருக்கும்.

அதனால், எப்போதும் பதிவு வந்துகொண்டிருக்கும் ஊர் புயல் நேரத்தில் திடீரென்று அடங்கினால், மாவட்ட நிர்வாகம் அங்கேதான் முதலில் ஆள் அனுப்ப வேண்டும். உதவி கேட்டு எழுதும்போது ஊர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது சர்ச், எழுதிய நேரம் மூன்றையும் போட மக்களைப் பழக்க வேண்டும். கூடவே மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கும் கூப்பிடச் சொல்ல வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வார்டு வார்டாக இதைத் தொடங்கலாம்.

– வாசகர், மார்த்தாண்டம்