60 டிகிரியில் கிடைக்கும் விடை

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் அனைவரும் நலம். ரேவதிக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இனி அவளிடம் பேச நீ முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

புதிய லித்தியம் அயனி பேட்டரிக் கலங்களை 60 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சில மாதங்களிலேயே அவற்றின் ஆயுளைக் கணித்துவிடலாம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து என் மனம் ஒப்பவில்லை. வெப்பம் கூடினால் கிராஃபைட் மின்முனையின் மேல், அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி சிதைந்து படியும் படலம் வேகமாகத் தடிக்கும் என்பதும், அப்படித் தடிக்கும்போது அது லித்தியத்தை மீட்க முடியாதபடி பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். முழு மின்னேற்றத்தோடு சும்மா கிடக்கும் பேட்டரிகூட அதனால்தான் தேய்கிறது. அந்த ஒரு முதுமையை மட்டும் அளப்பதென்றால் உன் திட்டம் போதும்.

குளிரில் நடப்பதோ வேறு. அப்போது கிராஃபைட்டுக்குள் லித்தியம் நுழையும் வேகம் குறைவதால், மின்னேற்றத்தின் போது அதில் ஒரு பகுதி வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. அந்த உலோகம் மின்பகுளியோடு வினைபுரிந்தும், மின்முனையோடு தொடர்பு அறுந்தும் பயனற்றுப் போகிறது. 2014இல் பேட்டரி ஆய்வாளர் வால்ட்மனின் குழுவினர் தாங்கள் சோதித்த கலங்களில், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே இந்தப் படிவும் அதற்கு மேலே படல வளர்ச்சியும் முதுமைக்கு முதன்மைக் காரணமாக இருப்பதைக் காட்டினார்கள். உன் சூடான அறையில் இந்தப் படிவு தலைகாட்டாது. அங்கே தேறிய கலம் பனிக்காலத்தில் விரைவு மின்னேற்றத்துக்குத் தாங்குமா என்று கேட்டால், உன் தரவில் பதில் இருக்காது.

சூரியத் தகடுகளின் ஈர வெப்பச் சோதனையிலும் இதே குறைதான் எனக்குத் தெரிகிறது. 85 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதம், 1000 மணி நேரம் என்பது கடுமையானதுதான். ஆயினும் அது இருட்டில் நடப்பதால், வெயிலின் புற ஊதாக் கதிர் செய்யும் சேதத்தை அது மட்டும் வெளிக்கொணராது.

அவசரப்படுத்துவதைவிட நுட்பமாக அளப்பது மேல் என்பதே என் உறுதியான எண்ணம். கனடாவின் பேட்டரி ஆய்வாளர் ஜெஃப் டான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் அதைத்தான். உள்ளே சென்ற மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத் துல்லியமாகப் பார். இழப்பு முழுவதும் லித்தியத்திலேயே விழுவதாகக் கொண்டால், ஒருமுறை ஏற்றி இறக்கும் சுற்றுக்கு 99.9 விழுக்காடு திரும்பும் கலத்தில் 1000 சுற்றுகளுக்குப் பின் 37 விழுக்காடுதான் மிஞ்சும், 99.99 என்றால் 90 மிஞ்சும். இத்தனை பெரிய வேறுபாடு சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுவும் கலத்தை வேற்று நிலைக்குத் தள்ளாமலே! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

ஆகவே உன் தொகுதியில் ஒரு பங்கை 10 டிகிரியிலும் ஒரு பங்கை 25 டிகிரியிலும் வை. அவற்றைப் பிரித்துப் பார்த்த படங்களையும் எனக்கு அனுப்பு. துல்லியமாக அளக்கும் கருவிக்கான செலவைப் பற்றிச் சுந்தரத்திடம் நானே பேசுகிறேன், நீ பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

அன்புடன்,
கண்ணன்