கடித முடிவில் எதற்குப் பெரிய எழுத்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது பற்றிய குறிப்பைப் படித்தேன். கடிதத்தை முடிக்கும் சொற்கள் ஒவ்வொன்றையும் கேப்பிடல் லெட்டரில்தான் தொடங்க வேண்டும், அதுவே மரியாதை என்று போட்டிருக்கிறீர்கள். மாதிரிக் கடிதத்திலும் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி'யில் ஒய், எஃப் இரண்டும் பெரிய எழுத்து. போதாததற்கு 'யுவர்ஸ்' நடுவே ஒரு அபாஸ்ட்ரஃபி வேறு.

முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே பெரியது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 'டியர் சர்' என்று தொடங்கும்போது இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து, முடிக்கும்போது அப்படியில்லை. 'டியர் சர்' போட்டால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி', பெயர் சொல்லி விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று சேர்த்துத்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். உங்கள் குறிப்பில் அந்தப் பேச்சே இல்லை.

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சின்ன எழுத்து என்றால் "ஏன் சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். திரும்பத் திரும்ப எழுதவைத்துத்தான் அது கையில் படியும்.

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். அவள் எழுதிய கடிதத்தில் எஃப்-ஐ நான் திருத்தியதும், "பத்திரிகையிலேயே இப்படித்தானே தாத்தா போட்டிருக்கு" என்றாள். அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்று நம்பும் வீடு அது.

முன்பும் இதே பக்கத்தில் 'குட்பை'யை இரண்டாக உடைத்து இரண்டுக்கும் பெரிய எழுத்து போட்டீர்கள். அப்புறம் ஒரு துணுக்கு: பெரியவர்களிடம் 'பை' சொன்னால் போதுமாம், 'போயிட்டு வரேன்' பழைய பழக்கமாம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் இன்றும் வாசல் தாண்டும் பிள்ளை 'போறேன்' என்றால், நிறுத்தி 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்பார்கள். அதையா விடச் சொல்வது? அப்போதே எழுதினேன். அச்சிடவும் இல்லை, பதிலும் இல்லை.

மரியாதை என்று எழுதினீர்களே, அதுதான் என்னை அதிகம் வருத்தியது. 1930 மார்ச் 2-ல் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை மாதிரியாகக் கொடுத்திருக்கலாம். உப்புச் சட்டத்தை மீறப்போவதாக அறிவிக்கும் கடிதம் அது. ஆங்கில ஆட்சியையே சாபம் என்று சொல்லிவிட்டு, 'உங்கள் உண்மை நண்பன்' என்று முடிக்கிறார். பிள்ளைகளுக்கு மரியாதையைச் சொல்லித்தர அதைவிட என்ன வேண்டும்?

பொதுத்தேர்வு நெருங்குகிறது. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி போட்டால், கத்தரித்து ஒட்டிய பிள்ளைகள் கண்ணில் அது படாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மன்னார்குடி