கொடை நாள் தெரிந்தும் கடன் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் மாதந்தோறும் வீடு வீடாகச் சென்று அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தவணை வாங்கும் முகவர் நான். அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டில் பணத்தைக் கையாளும் அவர்களுடைய தாய்மார்களிடம் இதைப் பற்றி உட்கார்ந்து பேச ஆளில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கூலி போதாததால்தான் மிச்சம் பிடிக்க முடியவில்லை என்பது பல வீடுகளில் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், நான்கு தவணை தவறிக் கணக்கு நின்றுபோன ஒரு பெண்ணிடம், தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூர எறியாமல் அன்றன்றைய செலவை அதன் பின்பக்கம் எழுதிக் கம்பியில் குத்தி வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, இலையும் தூளும் கிடந்த சுளவை ஒதுக்கி வைத்துவிட்டு, முப்பது தாள்களையும் திண்ணையில் பரப்பி இருவருமாகக் கூட்டிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, கேஸ் ஆகியவற்றில் குறைக்க எதுவுமில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஆளுக்கொரு பத்து ரூபாய்த் தின்பண்டப் பொட்டலம் வாங்கியதில் மட்டும் 600 ரூபாய் போயிருந்தது. கைபேசியில் அனுப்பிய பணம் பல நாள் எழுதப்படாமலே விட்டுப்போயிருந்தது. நோட்டாக எண்ணிக் கொடுத்தது நினைவில் நின்ற அளவுக்கு அது நிற்கவில்லை. இப்போது பொட்டலம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்; மற்ற நாட்களில் அவித்த கடலை அல்லது பனங்கிழங்கு. மாதம் 300 ரூபாயில் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறார். தற்போதைய 6.7 சதவீத வட்டியில், ஐந்தாண்டில் அவர் கட்டும் 18,000 ரூபாய் ஏறத்தாழ 21,400 ரூபாயாகக் கைக்கு வரும்.

பொட்டலப் பேச்சை விட்டுவிடலாம். ஊர்க் கோயிலின் ஆண்டுத் திருவிழாவான கொடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் கடன்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களை எழவிடாமல் அழுத்துகிறது. கோயில் வரி, பிள்ளைகளுக்குப் புதுத்துணி, வெளியூரிலிருந்து வந்திறங்கும் சொந்தங்களுக்குக் கறிச்சோறு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். கொடையைச் சுருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மணமாகிப் போன பெண்கள் ஆண்டில் ஒருமுறையாவது பிறந்த வீட்டில் கூடும் நாள் அது. ஆனால் எந்த மாதம், எந்த வாரம் கொடை என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒன்று. திடீரென வரும் நோய்க்குக் கடன் வாங்குவதுபோல் இதற்கும் ஏன் வாங்க வேண்டும்? 15,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 450 ரூபாய் வட்டி. அடுத்த கொடைக்குள் வட்டியாக மட்டும் 5,400 ரூபாய் கட்டியும் அசல் அப்படியே நிற்க, கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டுக்கு முன்பே அடுத்த கடனுக்கு அலைய வேண்டியிருக்கிறது. அதே 15,000 ரூபாயை, வாரக்கூலி வாங்கிய அன்றே, கடைத்தெருவில் கால் வைக்கும் முன் 300 ரூபாயாக எடுத்து வைத்தால் ஐம்பது வாரத்தில் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களால் உடனே 300 ரூபாய் ஒதுக்க இயலாது. அவர்களுக்காகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆர்.டி. கணக்கை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டி ஓராண்டு முடிந்தால், இருப்பில் பாதி வரை அந்தக் கணக்கின் மீதே கடன் கிடைக்கும். அதற்கு வட்டி ஆர்.டி. வட்டியைவிட இரண்டு சதவீதம்தான் கூடுதல், அதாவது இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 8.7 சதவீதம். மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். முதல் ஆண்டில் கிடைப்பது சிறு தொகையே என்றாலும், அந்த அளவுக்காவது வெளிக்கடன் குறையும். இந்த விதி இருப்பதே நான் போகும் வீடுகளில் பலருக்குத் தெரியவில்லை.

தங்கத்தின் விலையைத் தாங்கள் நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். சிறுசேமிப்பு வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. அப்போதெல்லாம் அந்த வட்டியையும் ஆர்.டி. கடன் விதியையும் நெல்லைப் பதிப்பில் ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து எங்கள் ஊர்ப் பீடிக்கடைச் சுவர்களில் ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறுசேமிப்பு முகவர் ஒருவர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.