ஈற்றடிக்கு ஒரு நன்கொடை

அன்புள்ள கோபாலா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் குழுவில் உன் காலை வணக்கப் படங்கள் நின்றுபோயிருக்கும். என் முழங்காலைப் பற்றி நீ கேட்காதே, உன் சர்க்கரையைப் பற்றி நானும் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் எங்கள் மையம் இப்போது தத்தளிக்கிறது. ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் தந்துகொண்டிருந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. தங்கள் முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம். இரண்டே வரிக் கடிதம், அதிலும் ஒரு வரி வாழ்த்து. உடனே கூட்டம் போட்டோம். வாத்தியார் வழக்கம்போல் எழுந்து நின்று, இன்னொரு பெரிய புரவலரைத் தேடலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். சரசா, "ஒருத்தரையே நம்பினதாலதானே சார் இந்தக் கதி?" என்றாள். வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன்.

சரசா சொன்ன வழிக்குப் பியர்-டு-பியர் நிதி திரட்டல் என்று பெயர். அமைப்பு நேரடியாக ஊரைக் கேட்காது. அதை நேசிக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, தன் நண்பர்களையும் உறவினர்களையும் கேட்பார்கள். பணம் அமைப்புக்கே போகும், ரசீதும் அமைப்பே தரும். கேட்கிற முகம் மட்டும் தெரிந்த முகம். வெறுமனே கேட்டால் வசூல் நோட்டீஸ் மாதிரி இருக்கும் என்பதால் கூடவே ஏதாவது ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும்: ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம், ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது உனக்கு ஆகாது, தெரியும்.

எனக்கு முதலில் இதெல்லாம் கோமாளித்தனமாகத்தான் பட்டது. 2014இல் ஆளாளுக்குத் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டபோது நாம் இரண்டு பேரும் எவ்வளவு கிண்டல் செய்தோம்! இப்போது உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படித்தேன். ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்காக நடந்த அந்தக் கூத்தில் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் வந்திருக்கிறது. அந்த நோயோடு தொடர்புள்ள நெக்1 என்ற மரபணுவை 2016இல் அடையாளம் கண்ட ஆராய்ச்சிக்கும் அந்தப் பணம் உதவியது. நாம் சிரித்தது சிரித்ததுதான், ஆனால் அவர்கள் வேலை நடந்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது மீசை சமாசாரம். 2003இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இரண்டு நண்பர்கள் விளையாட்டாக ஆரம்பித்தார்கள். முப்பது பேர் மீசை வளர்த்தார்கள், அவ்வளவுதான். தர்மம் கிர்மம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டுதான் அதை ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கான நிதியோடு சேர்த்தார்கள். இன்று மொவெம்பர் என்ற பெயரில் பல நாடுகளில் நவம்பர்தோறும் நடக்கிறது. இதில் என்ன சூட்சுமம் என்று இரவெல்லாம் யோசித்தேன். மீசையை ஒளித்துவைக்க முடியாது. எதிரே வருகிறவன் தானாகவே, "என்ன இது புதுசா?" என்று கேட்டுவிடுகிறான். பேச்சை ஆரம்பிப்பவன் கொடுக்கப்போகிறவன், கேட்கப்போகிறவன் அல்ல. நம்மைப் போலக் கூச்சப்படுகிற ஜென்மங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. (பெரிய துரை கூச்சப்படுவானா என்று கேட்காதே. அவன் கணக்கில் வரமாட்டான்.)

இன்னொன்றும் இருக்கிறது. சேரிட்டி வாட்டர் என்ற தண்ணீர் அமைப்பை நிறுவிய ஸ்காட் ஹாரிசன் தன் 32ஆவது பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், ஆளுக்கு 32 டாலர் நன்கொடை போதும் என்றார். அதிலிருந்து பிறந்தநாள் வசூல் ஒரு வழக்கமாகவே பரவிவிட்டது. நம் வயதுக்கு இது லாபகரமான திட்டம் என்று சொல்லிவைக்கிறேன்.

சரி, கிண்டல் போதும். மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்தைத் திறந்து முதல் பத்துப் பேருக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். விரல் நகரவில்லை. ஏன் என்று யோசித்தால், அந்தப் பத்துப் பேரில் நான்கு பேருக்கு எங்கள் மையம் என்ன செய்கிறது என்றே தெரியாது. ஆனாலும் தருவார்கள், எனக்காகத் தருவார்கள். அதாவது நான் ஜாமீன் நிற்கிறேன். இத்தனை காலம் சேர்த்த நட்பை எடுத்து ஓர் அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாக வைக்கிறேன். அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் முழுதாகப் பார்த்ததுண்டா? எந்தத் தன்னார்வலர் பார்த்திருக்கிறார்?

பிரிட்டனின் கேப்டன் டாம் மூரை நினைத்துப் பார். 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்தநாளுக்குள் தோட்டத்தில் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நூறு சுற்று நடந்துவிடுவது என்று ஆரம்பித்தார். இலக்கு ஆயிரம் பவுண்டு. வந்தது 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அந்தப் பணம் மருத்துவச் சேவைக்கான தொண்டு அமைப்புகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் பெயரில் குடும்பத்தார் தனியாகத் தொடங்கிய அறக்கட்டளையை அந்நாட்டு அறப்பணி ஆணையம் விசாரித்து, நிர்வாகத்தில் முறைகேடு நடந்ததாக 2024இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது அந்த மனிதர் உயிரோடு இல்லை. நடந்தவர் ஒருவர், பெயர் கெட்டதும் அவருக்குத்தான். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சரசாவிடம் போய், வசூலில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் வரவு செலவை முன்கூட்டியே காட்ட வேண்டும், பணம் வந்த பிறகு எந்தப் புத்தகம் பதிவானது, எத்தனை பேர் கேட்டார்கள் என்று கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும், அதுவும் நன்கொடை கேட்ட நண்பர் பெயரிலேயே எழுத வேண்டும் என்றேன். அவள் கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். தணிக்கை அறிக்கை, சம்பளம், மின்சாரம், இணையதளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் வரை எல்லாம் இருந்தது. கேட்டிருந்தால் முன்பே காட்டியிருப்பாளாம். நன்றிக் கடிதம் மட்டும் அவர்களிடம் வழக்கத்தில் இல்லை, இனி உண்டு. அதற்கு அப்புறம்தான் விரல் நகர்ந்தது.

இதற்கிடையே ஓர் ஆராய்ச்சியும் கண்ணில் பட்டது, உனக்குப் பிடிக்கும். லண்டன் மாரத்தானில் ஓடுகிறவர்களின் நன்கொடைப் பக்கங்களைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பக்கத்தில் முன்பு வந்த தொகைகளின் சராசரி 10 பவுண்டு கூடியிருந்தால், அடுத்து வருகிறவர் ஏறத்தாழ இரண்டரைப் பவுண்டு கூடுதலாகத் தருகிறாராம். முதலில் விழுகிற தொகையைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர்கள் அளவு வைத்துக்கொள்கிறார்கள். எனவே, கோபாலா, உன் நீண்டகாலச் சிக்கனத்தை மனத்தில் வைத்து, உன் பெயரைப் பட்டியலில் கடைசியில் போட்டிருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. நீ முதலில் தந்தால் எங்கள் மையத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

ஆனால் உன்னிடம் எனக்கு வேண்டியது பணம் அல்ல. நீயும் கேட்கிறவனாக வரவேண்டும்.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞன், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன், செயற்கைக் காலோடு 1980இல் நாட்டின் குறுக்கே ஓட ஆரம்பித்தான். நாட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவன் கணக்கு. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினான், மறு ஆண்டு இறந்தான். அதற்குள் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, ஆளுக்கு ஒரு டாலர் கணக்கு நிறைவேறிவிட்டது. கேட்கிறவன் பாடுபடுவதைப் பார்த்தால் கை தாராளமாகிறது என்று ஓலிவோலா, ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

உன் முழங்காலும் ஓடாது, என் முழங்காலும் ஓடாது. ஆனால் நீ பாடுபட வேறு வழி இருக்கிறது: வெண்பா. நன்கொடை தருகிற ஒவ்வொருவரும் ஓர் ஈற்றடி, அதாவது வெண்பாவின் கடைசி அடி, தரட்டும். மேலே மூன்று அடியை நீ கட்டு. எவ்வளவு கிறுக்குத்தனமான ஈற்றடியாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. ஒரு நாளைக்குள் முடிக்க வேண்டும். தளை தட்டினால், அதாவது யாப்பு பிசகினால், அபராதத்தை நீ கட்டவேண்டும், கண்டுபிடித்துச் சொல்பவர் வாத்தியார். அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று யோசித்துப் பார்! முடிந்த வெண்பாக்களை நானே மையத்தில் வாசித்துப் பதிவு செய்கிறேன், எங்கள் கேட்பாளர்களுக்கும் போய்ச் சேரும். ஈற்றடி கொடுத்தவன் சும்மா இருப்பானா? தன் பெயர் போட்ட வெண்பாவை நாலு பேருக்கு அனுப்புவான், அந்த நாலு பேரில் ஒருவன் இன்னொரு ஈற்றடியோடு வருவான். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, இங்கே கொடுத்தவன் கொடுக்காதவனுக்கு வழிகாட்டுகிறான்.

இது உனக்குப் பிடிக்கவில்லை என்றால் உள்ளபடி சொல்லிவிடு. எனக்காக ஒப்புக்கொள்ளாதே, அந்த மாதிரி ஜாமீன் எனக்கு வேண்டாம். சரசாவின் கணக்குக் கோப்பையும் இத்தோடு அனுப்புகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படி. கேள்வி இருந்தால் அவளிடமே கேள், என்னை விடத் தெளிவாகப் பதில் சொல்வாள்.

நாடக ஒத்திகை நாளில் நீ செய்ததை நான் மன்னித்துவிட்டதாகப் பெரிய துரை பரப்பிக்கொண்டிருக்கிறானாம். பொய். கமலத்துக்கு என் அன்பு.

முதல் ஈற்றடி என்னுடையது, பணமும் கட்டிவிட்டேன்: "கஞ்சனும் கையவிழ்ப்பான் காண்."

மூன்றடியை அனுப்பு.

உன்,
சபாபதி