1845-க்கு முன்பும் இந்த மலையில் ஆட்கள் இருந்தார்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில், கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து வீடு கட்டும் வரை இது ஆளில்லாத வெறுங்காடாகவே கிடந்தது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எனக்கு வயது அறுபத்தேழு. அம்மாவுக்குப் பிறந்த ஊர் பூம்பாறை, அப்பாவுக்குத் தாண்டிக்குடி. குறிஞ்சி பூத்த வருசத்தில் பிறந்தவன் என்றுதான் அம்மா என் வயதைச் சொல்வார். இந்த மலையிலேயே காப்பியும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பாதிரிமார்கள் வந்ததை நான் மறுக்கவில்லை. 1863-ல் ஓடையை மறித்துக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கியது லெவிஞ்ச் துரை என்பதும் சரி. ஆனால் அவர்கள் மேலே ஏறி வந்த பாதை யாருடையது? அன்றைக்கு மோட்டார் ரோடு கிடையாது. துரைகளையும் அம்மணிகளையும் அவர்கள் பெட்டி படுக்கையோடு அடிவாரத்திலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இந்தப் பக்கத்து மனிதர்கள்தானே? கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பழைய பாதையை உங்கள் நிருபர் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு யாரும் நடப்பதில்லை, ஊரே சாமி குடியிருக்கும் இடம் என்பதால். ஆளில்லாத காட்டில் பாதை எப்படி வரும், ஐயா?

எங்கள் ஊரைச் சுற்றிக் கற்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியது போல வைத்திருப்பார்கள். குள்ளர்கள் கட்டியது என்று பாட்டி சொல்வார். மாடு மேய்க்கும் வயதில் மழைக்கு நான் அதற்குள் ஒதுங்கியிருக்கிறேன். அவை செத்தவர்களுக்காக எழுப்பியவை என்று பிற்பாடுதான் தெரிந்தது. செண்பகனூரில் இருந்த பாதிரியார்கள் இருவர் அவற்றை அளந்து எழுதியதைத் தொல்லியல் துறையே 1928-ல் புத்தகமாகப் போட்டிருக்கிறது. பழனிக்குத் தென்மேற்கே, அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தபோது ஒரு சாடியில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகையிலேயே படித்ததாக எனக்கு நினைவு. அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைக் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லி, "வேடிக்கையான வள்ளல்" என்று முடித்துவிட்டார். பாடப்புத்தகமும் அதைக் கொடைமடம் என்றுதான் சொல்கிறது. ஆவியர் குடியில் வந்த அவன் இந்த மலையை ஆண்டவன். பொதினி என்று சங்கப்பாட்டில் வருவது இன்றைய பழனி. மார்கழியில் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் பாட்டி சாக்கு போர்த்திவிடுவார். கோழிக்கூடையைக் கூடக் கம்பளியால் மூடுவார். அதை யாரும் மடத்தனம் என்று சொன்னதில்லை. பனி என்னவென்று தெரிந்தவன் நடுங்கும் உயிரைப் பார்த்துச் செய்த காரியம் அது. அந்தக் கதை சமவெளியில் பிறந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

அப்புறம் அந்தப் புகைப்படம். "கொடைக்கானல் வாழை" என்று கீழே போட்டிருக்கிறீர்கள். அது விருப்பாட்சி. கொடைக்கானல் உயரத்துக் குளிரில் அது வராது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று கீழ்மலையில் காப்பிக்கு நடுவே வைக்கிற வாழை. பெயர் அடிவாரத்து விருப்பாட்சி ஊரிலிருந்து வந்தது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்ததும் அந்த ஊர்தான். வெள்ளையரை எதிர்த்ததற்காக 1801-ல் தூக்கிலிடப்பட்ட கோபால் நாயக்கரின் பாளையமும் அதுதான். முதுகுக்குப் பின்னால் மலை இருந்ததால்தான் அந்தச் சிறிய பாளையத்தால் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடிந்தது. அந்தப் பழத்தில் தண்ணீர் குறைவு. பஞ்சாமிர்தம் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் கெடாமல் நிற்பதற்கு அதுவே காரணம். 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாப் பத்திரிகைகளும் கோயிலின் படத்தைப் போட்டன. வாழை வைத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என் அப்பா மட்டக்குதிரையில் தார் ஏற்றி இருட்டோடு இறங்குவார். ஒரு குதிரைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. தைப்பூசம் நெருங்கினால் வீட்டில் ஒரு பழம் தங்காது. முதல் தாரை முருகனுக்கென்று ஒதுக்கி, அதற்குக் காசு வாங்கமாட்டார். பிறகு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக வாழை போயிற்று. எங்களிடம் மிஞ்சிய நாற்பது கட்டைகளை அப்பா தன் கையாலேயே வெட்டிப் புதைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் இதைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தண்ணீரைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் எங்கள் சரிவில் கொட்டும் மழைதான் மருதாநதியாக அய்யம்பாளையத்தில் இறங்குகிறது. வடக்கே பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு என்று இறங்கிப் பழனி வயல்களை நனைக்கிறது. மஞ்சளாறு தெற்கே வைகைக்குப் போகிறது. கீழே விளைவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மேலே இருப்பது வெறுங்காடு என்று சொல்லிக் கேட்கும்போது மனம் ஆறவில்லை.

2024 மே மாதம் கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. நீதிமன்றம் சொன்னது நல்லதற்குத்தான். அந்தக் கூட்டத்தை மலை தாங்காது. ஆனால் மகனின் கோயம்புத்தூர் வண்டியில் பூம்பாறைக்குப் போனபோது சோதனைச் சாவடியில் ஒரு பையன், "டூரா, எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டான். "அம்மா வீட்டுக்குப் போறேன்ப்பா" என்றேன். பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லை என்றான். அவன் மேல் கோபமில்லை. இந்த மலைக்கு வருகிறவன் எவனும் சுற்றிப் பார்க்கத்தான் வருவான் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இப்படிப்பட்ட சிறப்பிதழ்கள்தான் என்று நான் சொன்னால் தங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையோடு போட்டிருந்த வரைபடத்தில் வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் வடக்கே பச்சை நிறம் மட்டும்தான் இருக்கிறது, ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை. அடுத்த கோடை இதழில் அதே வரைபடத்தைப் போடுவதாக இருந்தால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் மூன்றுக்கும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். மேல்மலையில் பூம்பாறைக்கும் ஒன்று. வாழைப் படத்தின் பெயரை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்திவிட்டால் நல்லது. தைக்குள் திருத்தம் வந்தால் அப்பாவின் படத்துக்கு முன்னால் அந்த இதழை வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாற்பது வருட வாசகன்,
தாண்டிக்குடி