அம்மாவின் விரல்களுக்காக ஒரு நன்றி

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் யார் மூட்டு வலி என்றாலும் "தண்ணி வாகு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். போர் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருந்தது பொய்யில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் வளர்ந்தவன் நான், என் பல்லிலேயே அந்தப் பழுப்புக் கோடு இருக்கிறது. அதனால் அம்மாவுக்கு விரல் வீங்கியதும் மூன்று வருடம் தண்ணீரையே திட்டிக்கொண்டிருந்தோம். ஊசி போட்டு அனுப்பியவர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் பேர் இங்கே வேண்டாம்.

முதல் நன்றி புளி தட்டும் அக்காக்களுக்கு. அம்மாவால் சுத்தி பிடிக்க முடியாத நாட்களில் ஆளுக்குக் கொஞ்சம் தட்டி அவர் குவியலில் தள்ளிவிட்டீர்கள். மண்டிக்காரர் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார், அவருக்கும் நன்றி. உங்களில் ஒருவர்தான் கேட்டார்: "தண்ணின்னா எனக்கும்தான வரணும்? நானும் அதே கொழாய்லதான புடிக்கிறேன்?" எங்களை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளப்பியது அந்தக் கேள்விதான்.

அங்கே டாக்டரம்மா கையைத் தொடுவதற்கு முன்பே, "காலைல எந்திரிச்சா வெரல் மடங்க எவ்ளோ நேரம் ஆகுதுங்கம்மா?" என்றார். "பத்து மணி பஸ் போற வரைக்கும் கண்ணு." இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். ரத்தப் பரிசோதனையோடு முழங்காலில் நீர் எடுத்தும் பார்த்தார்கள். நல்ல மூட்டில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்கும் குறைவாக இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் அம்மாவுக்கு 18,000. முடக்குவாதம், அதாவது உடம்பின் வெள்ளை அணுக்களே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

"ரத்தத்துல ஓடுறது மூட்டுக்குள்ள எப்படிப் போச்சு?" என்று கேட்டேன். அத்தனை கூட்டத்திலும் சீட்டின் பின்பக்கம் ஒரு பரிசல் வரைந்து காட்டினார். ஆற்றோட்டத்தில் போகிற பரிசல் கரையோரம் உரசி, சுழன்று, வேகம் குறைகிறதில்லையா, வெள்ளை அணுவும் ரத்தக்குழாய்ச் சுவரில் அப்படித்தான் உருளுமாம். செலக்டின் என்கிற புரதம் அதை மெதுவாக்கும், இன்டெக்ரின் என்கிற இன்னொரு புரதம் கயிறு கட்டி நிறுத்தும். பிறகு சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறும். எந்தக் கரையில் இறங்குவது என்று சொல்வது கீமோகைன் என்கிற அழைப்புப் புரதம், மீன் வறுவல் வாசம்போல. கிருமி இருக்கிற இடத்துக்குப் போனால் காவல். முடக்குவாதத்தில் கிருமியே இல்லாமல் மூட்டுச் சவ்விலிருந்து அந்த வாசம் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது.

அன்றைக்குத்தான் முகம் தெரியாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்று புரிந்தது. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் அதைச் சுற்றி அணுக்கள் நகர்ந்து வந்து மொய்த்திருப்பதைப் பார்த்த விஞ்ஞானி மெச்னிகோவுக்கு நன்றி. அம்மா சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் முதலில் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து. சிறிய அளவில் கொடுத்தால் முடக்குவாதத்துக்கு உதவும் என்று காட்டியவர்களுக்கும் நன்றி. அது உடம்பில் அடினோசின் என்கிற பொருளைக் கூட்டி, வெள்ளை அணு கரை பிடிப்பதைக் குறைக்கிறதாம்.

மருந்துக்கடைத் தம்பிக்குத் தனி நன்றி. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். வலி மாத்திரை நினைப்பில் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. நீங்கள் அட்டையில் பெரிதாக "செவ்வாய்" என்று எழுதி, அம்மாவை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தீர்கள். போலிக் ஆசிட் என்கிற வைட்டமின் மாத்திரை வெள்ளிக்கிழமை. இப்போது எங்கள் வீட்டில் கிழமை கேட்பதென்றால் அம்மாவைத்தான் கேட்கிறோம்.

ஓசூர் கம்பெனியில் எனக்காக இரவு ஷிப்டு மாற்றிக்கொண்ட மாப்ளே, உனக்கு நேரில்.

ஐந்து மாதமாகிறது. சுத்தி இன்னும் பிடிக்கவில்லை, கொட்டை எடுக்கிறார். அவர் கையால் எடுத்த புதுப்புளி ஆளுக்கு இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறோம். டாக்டரம்மா மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.