தங்கத்தில் நாங்கள் கை வைக்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மதுரை கப்பலூர் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். சிப்பைச் சூட்டில் வைத்துச் சோதிக்கும்போது தாங்கிப் பிடிக்கிற நம் பர்ன்-இன் சாக்கெட்டில், சிப்பைத் தொடும் பின்களில் தங்க முலாமைக் குறைத்துவிட்டோம், அதனால்தான் முனை கறுக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ஓசூரில் ஆரம்பித்து கோவை வரை போய்விட்டது. தங்கம் விற்கிற விலைக்கு அப்படித் தோன்றும்தான். 2025 ஏப்ரலிலேயே சவரன் 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டதே. ஆனாலும் பெரிலியம் காப்பர் பின், அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் 0.76 மைக்ரான் தங்கம் என்ற அளவில் இம்மியும் குறையவில்லை. எக்ஸ்-ரே மானியில் அளந்த தாள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

கறுப்பு வருவது சிப்பில் இருக்கிற வெள்ளீயத்தால். சிப்பின் அடியில் இருக்கிற ஈயமில்லாத சோல்டர் (பற்றவைப்பு) உருண்டைகளில் பெரும்பங்கு வெள்ளீயம்தான். 125 டிகிரி அடுப்பில் 168 மணி நேரம் பின் அதை அழுத்திக்கொண்டே நிற்கிறது. உருகாமலே கொஞ்சம் வெள்ளீயம் தங்கத்தில் ஏறிவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் அது ஆக்சைடாகி மின்தடை கூடும். நல்ல சிப்பைக்கூட ஃபெயில் என்று காட்டும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு சாக்கெட் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் எந்த ஊர் சாக்கெட்டிலும் இது நடக்கும்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். உருண்டை தொட்ட இடம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும், பக்கத்திலேயே மஞ்சள் அப்படியே இருக்கும். நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்தால் போதும். அவசரத்தில் சிலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். அப்படித் தேய்த்தால் முதலில் போவது தங்கம்தான். முப்பாட்டன் காலத்திலிருந்து தெற்காவணி மூல வீதியில் தங்கத்தோடு பழகிய ஊர் இது. மதுரைக்காரன் முலாமில் ஏமாற்றினான் என்ற பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேச்சைக் கேட்டதும் ஆர்டரை நிறுத்தாமல், “என்னண்ணே சங்கதி?” என்று போன் போட்டுக் கேட்டவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! கொரோனா நேரத்தில் முன்பணம் அனுப்பிப் பட்டறையை மூடவிடாமல் வைத்தவர்களும் நீங்கள்தான். அதை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

அப்புறம், அடுத்த மாத ஆர்டர்களிலிருந்து விலை 18 சதவீதம் கூடும். பழைய பின்களுக்கு மறுமுலாம் இனி இல்லை.

சந்தேகம் இருக்கிற சாக்கெட்டை அனுப்பி வையுங்கள், இல்லை நேரில் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம். கூரியர் செலவு எங்களுடையது.

அன்புடன்,
உரிமையாளர்